காரைக்குடியில் செல்லோ கற்றுக்கொள்ள: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்லோ சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து போனில் வருகிற கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் பேசுகிறேன், கடைசியில் "சரி டீச்சர், வீட்டுல கலந்துக்கிட்டு சொல்றேன்" என்று வைத்துவிடுகிறார்கள். அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிட்டேன். படியுங்கள், வீட்டில் கலந்துகொள்ளுங்கள், அப்புறம் கூப்பிடுங்கள்.

செல்லோ என்றால் பேனா கம்பெனிதானே?

பேனாவும் இல்லை, டேப்பும் இல்லை. வயலின் குடும்பத்துக் கருவி. வயலினைத் தோளில் வைப்பார்கள், இதை நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு முழங்காலுக்கும் நடுவே நிறுத்தி வில் போட்டு வாசிக்க வேண்டும். முழு அளவுக் கருவி ஏறக்குறைய 4 அடி உயரம். நான்கு தந்திகள், அடியிலிருந்து மேலே சி, ஜி, டி, ஏ. முழுப்பெயர் வயலோன்செல்லோ, இத்தாலியச் சொல். வயலோனே என்றொரு பெரிய கருவி இருந்தது, அதைவிடச் சின்னது என்று பொருள். அதாவது "செல்லோ" என்பது வெறும் வால்தான். கன்றுக்குட்டியைக் "குட்டி" என்று மட்டும் கூப்பிடுகிற மாதிரி உலகம் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டால், நீங்கள் ஏற்கெனவே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறீர்கள். சினிமாவில் கதாநாயகி ரயிலேறிப் போகும்போது அடியில் கனமாக ஒன்று இழுத்துக்கொண்டே வருமே, பெரும்பாலும் அதுதான். அடித்தந்தி ஆண் குரலின் கீழ்க்கோடி வரை இறங்கும், மேல் தந்தியில் மேலே ஏறினால் பெண் குரல் வரை போகும். அதனால்தான் கேட்கிறபோது யாரோ பாடுகிற மாதிரி இருக்கிறது.

இதெல்லாம் நம்ம ஊருக்கு ஒட்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் தாத்தாக்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில்: வயலினே வெளியிலிருந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் வெள்ளைக்காரர்களின் வாசிப்பைக் கேட்டுக் கற்றுக்கொண்டு வந்து இருநூறு வருடம் ஆகிறது. இன்றைக்கு வயலின் இல்லாமல் ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரியை நினைக்க முடிகிறதா? அப்புறம் நம்ம ஊரிலேயே வீணை வாசித்த காரைக்குடி சகோதரர்களில் மூத்தவர் சுப்பராமய்யர் வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வைத்துத்தான் வாசித்தார். தம்பி சாம்பசிவய்யர் எல்லோரையும் போல மடியில் கிடத்தி வாசித்தார். நிறுத்தி வாசிக்கிற தந்தி வாத்தியத்தைப் பார்த்த ஊர்தான் இது, தாத்தா.

யூட்யூபில் எல்லாம் இருக்கிறதே, எதற்கு ஆசிரியர்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் சம்பளம் வாங்குவதே இதற்குத்தான்.

தேவகோட்டையிலிருந்து ஒரு பையன் வந்தான். கல்லூரி இரண்டாம் வருடம், எட்டு மாதம் வீடியோ பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டிருந்தான். கெட்டிக்காரன். சுரங்கள் ஏறக்குறைய சரியான இடத்தில் விழுந்தன, நான்கைந்து சினிமாப் பாட்டு வாசித்தான். ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் வாசிக்க முடியவில்லை, வலது தோள் காது வரை ஏறியிருந்தது, இடது கட்டைவிரல் செல்லோவின் கழுத்துப் பின்பக்கத்தை இடுக்கி மாதிரி பிடித்திருந்தது. நான் அவன் வலது முழங்கைக்கு அடியில் என் கையை வைத்து, "தம்பி, இப்ப கையோட பாரத்தை எனக்குக் குடுத்துடு" என்றேன். கொடுக்க முடியவில்லை. நான் என் கையை எடுத்தேன், அவன் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. தான் இறுக்கிக்கொண்டிருப்பதே அவனுக்குத் தெரியவில்லை, எட்டு மாதமாக.

செல்லோவில் சத்தம் வருவது அழுத்துவதால் இல்லை, கையின் பாரம் தானாக வில் வழியாகத் தந்தியில் இறங்குவதால். அந்தப் பாரத்தைக் கேமரா காட்டாது. விரல் எங்கே வைக்க வேண்டும் என்று வீடியோ காட்டும், எவ்வளவு லேசாக வைக்க வேண்டும் என்பதை ஒருவர் தொட்டுத்தான் சொல்ல முடியும். அந்தப் பையனின் பழக்கத்தைக் கழற்றவே நான்கு மாதம் ஆனது. முதல் நாளே வந்திருந்தால் அந்த நான்கு மாதத்தில் வேறு என்னவெல்லாமோ வாசித்திருப்பான். அவனுக்கும் அந்த வருத்தம் உண்டு, எனக்கு முன்னால் காட்டிக்கொள்ள மாட்டான்.

வீடியோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய கலைஞர்கள் வாசிப்பதைப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. நான் கற்றுக்கொண்ட காலத்தில் ஒரு சிடிக்காக மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறேன்.

உங்களுக்கு எவ்வளவு தெரியும்?

நியாயமான கேள்வி, கேட்கத் தயங்க வேண்டாம். சென்னையில் வேலை பார்த்த பதினோரு வருடமும் ஒரே ஆசிரியரிடம் படித்தேன், லண்டன் இசைத் தேர்வுகளில் கடைசிப் படியான எட்டாம் கிரேடு முடித்தேன். கல்யாண வரவேற்புகளில், ஒன்றிரண்டு சர்ச் நிகழ்ச்சிகளில் குழுவோடு வாசித்திருக்கிறேன். தனிக் கச்சேரி செய்கிற ஆள் இல்லை. ஆறாம் கிரேடு வரை தைரியமாகக் கொண்டுபோய் விடுவேன். அதற்கு மேல் போகிற பிள்ளைக்கு மாதம் ஒரு தடவையாவது சென்னையில் ஒரு பெரிய ஆசிரியரிடம் போவது நல்லது, நானே பேசி அனுப்பி வைப்பேன். இதுவரை அப்படி இரண்டு பேர் போயிருக்கிறார்கள்.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

செல்லோவில் சின்ன அளவுகள் உண்டு. எட்டில் ஒன்று, கால், அரை, முக்கால், முழுசு. பெயரைப் பார்த்து அரை என்றால் பாதி உயரம் என்று நினைக்காதீர்கள், அது வெறும் பெயர். ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு எட்டில் ஒன்றோ காலோ, எட்டு வயதுக்கு மேல் அரை, பத்துப் பதினொன்றுக்கு மேல் முக்கால், உயரம் ஐந்தடியை நெருங்கினால் முழுசு. வயதைவிட கை நீளம்தான் முக்கியம், உட்கார வைத்து அளந்துதான் சொல்வேன்.

என்னைக் கேட்டால் ஏழு வயது நல்ல வயது. அதற்கு முன்னால் வந்தால் அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார்ந்து கற்றுக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். இறக்கி விட்டுவிட்டுப் பெரியார் சிலைப் பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன் என்பதெல்லாம் ஆறு வயதில் நடக்காது.

எனக்கு 52 வயது. சிரிப்பீர்களா?

மாட்டேன். என்னிடம் இப்போது படிக்கிற பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் நாற்பதைத் தாண்டியவர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், ஒரு ஆச்சி மகள்களுக்கெல்லாம் கல்யாணம் முடித்துவிட்டு "இப்ப என் முறை" என்று வந்தவர். பெரியவர்களிடம் இருக்கிற ஒரே பிரச்சினை, தங்கள் காது சொல்வதைத் தங்கள் கை கேட்கவில்லை என்ற கோபம். குழந்தைக்குக் காதும் கையும் சேர்ந்தே வளரும், அதற்கு அந்தக் கோபம் வராது. உங்கள் காது ஐம்பது வருடம் நல்ல சங்கீதம் கேட்ட காது, கை பிறந்து மூன்று வாரம்தான் ஆகிறது. விரல் மூட்டு வலி, தோள் இறுக்கம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், நாற்காலி உயரத்தையும் கருவியின் சாய்வையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதலிலேயே கருவி வாங்க வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். முதல் இரண்டு மாதத்துக்கு என்னிடம் இருக்கிற ஒரு முழுசையும் ஒரு அரையையும் வகுப்பில் வாசியுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகத் தனி வாடகை, அதைப் பேசிக்கொள்வோம். பிடித்திருக்கிறது, கழுத்து வலிக்கவில்லை, வாரம் தவறாமல் வர முடிகிறது என்று தெரிந்த பிறகு வாங்குங்கள்.

காரைக்குடியில் கிடைக்காது. சென்னை, பெங்களூர் கடைகளில் தொடக்கக்காரர்களுக்கான கருவி, நான் பார்த்த வரையில், வில்லும் உறையும் சேர்த்து முப்பதாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் ரூபாய் வரை போகிறது. ஆன்லைனில் அதைவிட மலிவாகக் கண்ணைப் பறிக்கிற நீலக் கலரில் ஒன்று வரும். அதை வாங்கிக்கொண்டு வந்த ஒரு வீட்டில் நான் போய்ப் பெட்டியைத் திறந்தேன், பிரிட்ஜ் எனப்படும் தந்தி தாங்கும் மரத்துண்டு செதுக்கப்படாமல் தடிமனாக அப்படியே இருந்தது. தந்தி விரல் பலகையிலிருந்து அவ்வளவு உயரத்தில், பத்து வயதுப் பிள்ளை அமுக்கினால் விரல் கன்றிப்போகும். அதைச் சரிசெய்ய ஆன செலவையும் சேர்த்தால் நல்ல கருவியே வாங்கியிருக்கலாம். வாங்குவதற்கு முன் போட்டோ அனுப்புங்கள், முடிந்தால் கூடவே வருகிறேன், பல்லவன் ரயிலில் சென்னை போய்விட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம்.

வளரும் பிள்ளைகளுக்குச் சின்ன அளவு வாங்கினால் இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். என் மாணவர்கள் ஒருவர் விட்டதை இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு அரை செல்லோ இப்போது நான்காவது வீட்டில் இருக்கிறது.

முதல் வகுப்பில் என்ன நடக்கும்?

பாட்டு எதுவும் நடக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உட்காருவது. நாற்காலியின் முன்பாதியில், பாதம் இரண்டும் தரையில் படிய, கருவி நெஞ்சில் லேசாகச் சாய. பிறகு வில் பிடிப்பது. இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். பேனா பிடிக்கிற மாதிரி பிடிப்பார்கள், இல்லையென்றால் கரண்டி பிடிக்கிற மாதிரி. நான் சொல்வது, ஆச்சி குழிப்பணியாரம் திருப்புகிறதைப் பார்த்திருக்கிறீர்களா? கம்பி கையில் கிடக்கும், யாரும் அதை இறுக்கிப் பிடிப்பதில்லை, இறுக்கினால் பணியாரம் பிய்ந்துவிடும். நுனி மட்டும் சரியாகப் போகும், மணிக்கட்டுதான் திரும்பும். அந்தக் கைதான் வேண்டும். இதைச் சொன்னதும் பெண்கள் டக்கென்று பிடித்துக்கொள்வார்கள், ஆண் பிள்ளைகளை வீட்டுக்குப் போய் அடுப்படியில் நின்று பார்த்துவிட்டு வரச் சொல்வேன். நிஜமாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு, பணியாரமும் கிடைத்தது என்றார்கள்.

அப்புறம் டி தந்தியில், விரல் எதுவும் வைக்காமல், வில்லை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெதுவாக ஓர் இழுப்பு. நான்கு எண்ணும் வரை. கொரகொரவென்று வரும், இடையில் பிசிறு அடிக்கும், வில் வழுக்கி விரல் பலகைப் பக்கம் ஓடும். முப்பதாவது நாற்பதாவது இழுப்பில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கருவி முழுக்க அதிர்ந்து அது நெஞ்செலும்பில் தெரியும். அப்போது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், இவர் அடுத்த வாரம் வருவாரா மாட்டாரா என்று.

எங்கள் வீட்டில் ஆத்தங்குடித் தரை. கருவி வழுக்குமே?

வழுக்கும், நன்றாகவே வழுக்கும். செட்டிநாட்டில் மட்டும் வருகிற கேள்வி இது, வேறு ஊர் ஆசிரியர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

செல்லோவின் அடியில் ஓர் இரும்புக் கம்பி நீளும், அதன் கூர் முனை தரையில் ஊன்றி நிற்க வேண்டும். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடியின் மேல் வார்த்து எடுப்பதால் மேல்பரப்பு அவ்வளவு வழவழப்பு, அதுவும் வருடக்கணக்கில் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று ஆகிவிட்ட பழைய தரை என்றால் கேட்கவே வேண்டாம். கருவி மெல்ல மெல்ல முன்னால் நழுவும், நீங்கள் தெரியாமலே முழங்காலால் இறுக்கிப் பிடிப்பீர்கள், அரை மணியில் இடுப்பு போய்விடும். அதைவிட மோசம், முனை கல்லில் இறங்கினால். நிறம் இருப்பது மேலே மெல்லிய ஒரு படலத்தில்தான், அடியில் வெறும் சிமெண்டு. நான் கற்ற புதிதில் விடுமுறைக்கு ஊருக்கு வந்து வாசித்தபோது பட்டாலைத் தரையில் ஒரு பூவின் நடுவில் குழி விழுந்துவிட்டது. அப்பத்தா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை. அந்தக் குழி இன்னும் இருக்கிறது.

வழி சுலபம். பழைய பெல்ட் ஒன்றை எடுங்கள். ஒரு முனையை நாற்காலியின் முன்கால் ஒன்றில் மாட்டுங்கள், பக்கிளின் ஓட்டையில் கம்பி முனையை ஊன்றுங்கள். அப்புறம் நழுவ முடியாது. ரப்பர் வட்டு விற்கிறார்கள், தூசி படிந்த தரையில் அது நிற்பதில்லை.

நாற்காலி பற்றியும் சொல்லிவிடுகிறேன். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி உதவாது, வில் கையில் இடிக்கும், பின்பக்கம் பள்ளம் வேறு. முகப்பில் கிடக்கும் தாத்தாவின் சாய்வு நாற்காலி, அதை நினைக்கவே வேண்டாம். கை இல்லாத சாப்பாட்டு மேசை நாற்காலி போதும்.

கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுப்பீர்களா, வெஸ்டர்னா?

அடிப்படை வெஸ்டர்ன் முறைதான். உட்காருவது, வில், விரல் வரிசை, நொட்டேஷன் படிப்பது. முதல் ஒரு வருடம் அதில் மாற்றம் கிடையாது. அதற்குப் பிறகு விருப்பம் உள்ளவர்களுக்கு சரளி வரிசை, ஜண்டை, கீதம் என்று எனக்குத் தெரிந்த அளவு சேர்த்துக்கொள்கிறேன். டி தந்தியையும் ஏ தந்தியையும் ஒரு முழுச் சுரம் இறக்கிவிட்டால் நான்கு தந்தியும் ச ப ச ப என்று ஒரு கட்டை சுருதியில் வந்து நிற்கும், நம் வயலின்காரர்கள் சேர்ப்பது போலவே. அடி ஷட்ஜமத்தில் வில்லைப் போட்டால் வீடே தம்புரா மாதிரி முழங்கும்.

கமகம்தான், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பதுதான், சிரமம். செல்லோவில் சுரத்துக்குச் சுரம் இடைவெளி பெரிது, வயலினில் விரல் நகர்கிற தூரத்தைப் போல இரண்டு மடங்கு நகர வேண்டும். வேகமான பிருகா எல்லாம் ஆரம்பத்தில் ஆசைப்பட வேண்டாம். சஹானா, ஆனந்தபைரவி மாதிரி நிதானமாக நகர்கிற ராகங்கள் இதில் உட்காருகிற அழகே தனி.

வீணை தெரிந்தவர்களுக்கு இடது கை நுணுக்கம் சீக்கிரம் வரும், வீணையில் இருக்கிற மாதிரி விரலுக்கு மெட்டுக்கட்டை இல்லையே என்ற பதற்றம் கொஞ்ச நாள் இருக்கும். வயலின் தெரிந்தவர்கள் வில்லில் முந்துவார்கள், ஆனால் விரல் இடைவெளியைப் புதிதாகப் பழக வேண்டும்.

எவ்வளவு நாளில் பாட்டு வாசிக்கலாம்?

மூன்று மாதத்தில் சின்னச் சின்ன மெட்டு. ஒரு வருடத்தில் வீட்டு விசேஷத்தில் நான்கு பேர் முன்னால் வாசிக்கிற அளவு. ஜெர்மானிய இசைமேதை பாக் எழுதிய தனிச் செல்லோ சூட்டுகளை (பல பகுதிகள் சேர்ந்த இசைத் தொகுப்புகள்) விளம்பரங்களில் கேட்டுவிட்டு "அது எப்போ டீச்சர்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: பெரிய செல்லோ கலைஞர் பாப்லோ காசல்ஸ் 13 வயதில் பார்சிலோனாவில் ஒரு பழைய கடையில் அந்தத் தாள்களைக் கண்டெடுத்தார், மேடையில் வாசிக்கத் தைரியம் வர அவருக்கே 12 வருடம் ஆனது. நமக்கு நான்கைந்து வருடத்தில் முதல் சூட்டின் முதல் பகுதி கைக்கு வந்தால் போதாதா?

வீட்டில் எவ்வளவு நேரம் பயிற்சி?

தினம் இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்டலாம் என்று நினைக்காதீர்கள், கை அப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளாது. இருபதில் முதல் ஐந்து நிமிடம் விரலே வைக்காமல் வெறும் தந்தியில் வில். சலிப்பாக இருக்கும், எனக்கும்தான். இன்றைக்கும் காலையில் அதைத்தான் முதலில் செய்கிறேன்.

எங்கே உட்கார்ந்து வாசிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றியிருக்கிற கூடத்தில், உட்கார்ந்தால் கல் தரையும் சுண்ணாம்புச் சுவரும் சேர்ந்து எதிரொலித்து உங்களை மேதை மாதிரி காட்டும். கேட்க நன்றாக இருக்கும், கற்றுக்கொள்ள உதவாது. துணி பீரோ, மெத்தை இருக்கிற அறையில் உட்காருங்கள், அங்கே பிசிறு பிசிறாகவே கேட்கும். வாரக் கடைசியில் வேண்டுமானால் வளவில் வாசித்துச் சந்தோஷப்படுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்களா?

வயலின் அளவுக்குக் காதைக் கிழிக்காது. ஆனால் அடித்தந்தி சுவர் வழியாக, தரை வழியாகப் போகும். பங்காளிகள் ஒரே வீட்டில் இருக்கிற இடம் என்றால் மதியம் இரண்டிலிருந்து நான்கு மணி வரை தொடாதீர்கள். என் பெரியப்பா ஒரு வருடம் முறைத்துக்கொண்டிருந்தார். இப்போது மாலையில் சத்தம் வரவில்லை என்றால், "என்ன, இன்னைக்கு யாரும் வரலையா?" என்று எட்டிப்பார்க்கிறார்.

கட்டணம் எவ்வளவு? வகுப்புக்கு வர முடியாமல் போனால்?

மாதம் நான்கு வகுப்பு, ஒவ்வொன்றும் 45 நிமிடம், 2,400 ரூபாய். தனி வகுப்பு மட்டும்தான், இரண்டு பேரைச் சேர்த்து எடுப்பதில்லை, அண்ணன் தங்கச்சியாக இருந்தாலும். ஒரு நாள் முன்னால் சொன்னால் வேறு நாள் தருவேன். வரவேண்டிய நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் "டீச்சர், விருந்தாளி வந்துட்டாங்க" என்று வாட்ஸ்அப் வந்தால் அந்த வகுப்பு போனதுதான். முதலில் இதில் தாராளமாக இருந்தேன், ஒரு வைகாசி மாதம் முழுக்க இருபது கல்யாணத்துக்கு விட்டுக்கொடுத்த பிறகு புத்தி வந்தது.

மாசி பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோவில் பால்குடத்தன்று வகுப்பு கிடையாது, தெருவில் நடக்கவே இடம் இருக்காது. தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் போகிறவர்களுக்கு அந்த வகுப்புகள் அடுத்த மாதம் சேரும். திரும்பி வந்ததும் ஒரு வாரம் காலை நீட்டி ஓய்வெடுங்கள், உடனே வந்து உட்காராதீர்கள்.

கிரேடு தேர்வு கட்டாயமா?

இல்லை. டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்று லண்டனைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் நடத்துகின்றன, இரண்டிலும் எட்டு கிரேடு. ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாம் கிரேடுக்கு முன்னால் ஐந்தாம் கிரேடு தியரி முடித்திருக்க வேண்டும், டிரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை. இரண்டிலும் இப்போது வீடியோ எடுத்து அனுப்பியும் எழுதலாம், ஒவ்வொரு தடவையும் ஊர்விட்டு ஊர் போக வேண்டியதில்லை. பிள்ளைக்கு ஒரு இலக்கு வேண்டும் என்றால் நல்லதுதான். சான்றிதழைச் சட்டம் போட்டு முகப்பில் மாட்டுவதற்காக மட்டும் என்றால், வருடம் முழுக்க மூன்றே மூன்று பாட்டை அரைத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும், பிள்ளைக்குக் கசந்துவிடும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு வருடத்தில் நான் எழுத விடுவதில்லை.

நம்ம ஊர் வெயிலைக் கருவி தாங்குமா?

கவனமாக இருந்தால் தாங்கும். செல்லோவின் மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம், பின்பலகையும் பக்கங்களும் மேப்பிள். இரண்டும் குளிர்தேசத்து மரங்கள். சித்திரை வைகாசியில் இங்கே 40 டிகிரியைத் தொடுகிறபோது மரம் சுருங்கும், தந்தி முறுக்கும் பிரடை பிடிப்பு விட்டுச் சுழலும், காலையில் உறையைத் திறந்தால் நான்கு தந்தியும் தொளதொளவென்று கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் எதிர்மாறு. மரம் ஈரத்தில் ஊறி பிரடை அசையவே அசையாது.

மூன்றே விஷயம். ஜன்னலோரம், மொட்டைமாடி அறை, ஏசியின் நேர்காற்று, இந்த இடங்களில் வைக்காதீர்கள். நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்கூட விடாதீர்கள். நான்கு தந்தியையும் ஒரே நேரத்தில் தளர்த்தாதீர்கள். உள்ளே மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில் ஒரு சின்ன மரக்குச்சி நிற்கிறது, பசை எதுவும் கிடையாது, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. அது விழுந்தால் சத்தமே செத்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் குச்சிக்கு "ஆன்மா" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

பலகையின் ஓரம் விட்டுவிட்டால் பயப்பட வேண்டாம். மரம் வெடிக்காமல் இருக்க, அழுத்தம் தாங்காதபோது ஒட்டு விடுகிற மாதிரிதான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் கடையில் விற்கிற வெள்ளைப் பசையைத் தொடாதீர்கள். என் மாணவர் ஒருவர் நல்ல எண்ணத்தில் அதை ஊற்றி ஒட்டிவிட்டார், அடுத்த கோடையில் ஒட்டு விடவில்லை, பலகையே நீளவாக்கில் பிளந்தது. இதற்கு வஜ்ரம்தான், தோலைக் காய்ச்சி எடுக்கிற பழைய தச்சர் பசை. வெந்நீர் பட்டால் இளகும், மறுபடி ஒட்டலாம். வேடிக்கை என்னவென்றால், இந்த ஊரில் நிலைக்கதவு வேலை செய்கிற வயதான ஆசாரிகளுக்கு வஜ்ரம் அத்துப்படி. சின்ன ஒட்டுகளுக்கு எனக்குக் கைகொடுப்பவர் அப்படி ஒருவர்தான். செல்லோவை முதல் தடவை பார்த்ததும் தட்டிப் பார்த்துவிட்டு, "பர்மாத் தேக்கு இல்லையே" என்று உதட்டைப் பிதுக்கினார். பெரிய வேலை என்றால் சென்னைதான்.

வில்லில் இருப்பது குதிரை முடியா? நாங்கள் சைவம்.

ஆமாம், குதிரைவால் முடி, நூற்றைம்பது இழைக்கு மேல் இருக்கும். மனம் ஒப்பாவிட்டால் செயற்கை இழை போட்ட வில்லும் கிடைக்கிறது, சத்தம் கொஞ்சம் வழுக்கும். தந்திகள் இப்போது பெரும்பாலும் எஃகுதான். வில்லில் தேய்க்கிற ரோசின் கட்டி பைன் மரத்துப் பிசின், அதில் ஒன்றுமில்லை. வாசித்து முடித்ததும் தந்தியிலும் பலகையிலும் வெள்ளையாகப் படிகிற ரோசின் தூளைப் பழைய வேட்டித் துணியால் துடைத்துவிடுங்கள், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனதாக இருக்கட்டும். அந்தத் துணியை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

பஸ்ஸில் எடுத்துக்கொண்டு வர முடியுமா?

முடியும், டவுன் பஸ்ஸில் நெரிசல் நேரத்தைத் தவிர்த்தால். பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் பதினோரு மணி வகுப்பைக் கேளுங்கள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடலாம், வாக்குவாதம் வேண்டாம், போட்டுக்கொள்ளுங்கள். ஷேர் ஆட்டோவில் மேல்பக்கம் கட்டக் கூடாது. ஸ்கூட்டரில் முதுகில் மாட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன், காற்று தள்ளும், தயவுசெய்து வேண்டாம். வாராவாரம் சுமக்க முடியாது என்றால் வகுப்பில் என் கருவியை வாசித்துக்கொள்ளலாம், மாதம் ஒரு தடவை உங்களுடையதைக் கொண்டுவந்தால் போதும், நான் பார்த்துவிடுவேன்.

சிங்கப்பூரில் இருக்கிறோம், லீவுக்கு மட்டும் வருவோம். ஆன்லைனில் எடுப்பீர்களா?

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு மாட்டேன், காரணம் மேலே அந்தத் தேவகோட்டைப் பையன் கதையில் இருக்கிறது. அங்கேயே ஒரு ஆசிரியரைப் பிடியுங்கள். லீவில் ஐயா ஆயா வீட்டுக்கு வரும்போது நான்கு வாரம் என்னிடம் வரலாம், கருவி நான் தருகிறேன், விமானத்தில் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

பிள்ளை ஆறு மாதத்தில் வேண்டாம் என்கிறான். திட்டி அனுப்பலாமா?

முதலில் ஏன் என்று கேளுங்கள். பாதிப் பேருக்குக் காரணம் நாற்காலி உயரம், அல்லது அளவு பெரிதான கருவி, வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் பிடிக்கவில்லை என்பார்கள். அதைச் சரிசெய்து ஒரு மாதம் பாருங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஒரு பெண் அப்படி விட்டுப் போய், மூன்று வருடம் கழித்துத் தானாகவே போன் செய்து வந்தாள்.

முதல் நாள் என்ன கொண்டுவர வேண்டும்?

ஒரு நோட்டு, பென்சில். முழங்கால் விரிய உட்கார வசதியான உடை, இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம், பாவாடை என்றால் அகலமானது, சேலையிலும் சௌகரியமாக உட்காரலாம், அந்த ஆச்சி கண்டாங்கி கட்டிக்கொண்டுதான் வருகிறார். சட்டையில் பெரிய பித்தான், கழுத்தில் நீளமான சங்கிலி இருந்தால் கழற்றிவிடுங்கள், கருவியின் பின்பலகையில் கீறல் விழும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். அப்புறம் இடது கை நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வாருங்கள். மறந்துவிட்டாலும் பரவாயில்லை, நகவெட்டி நிலைக்கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது.